பிரிக்காத கவர்

போன மாதம் ஒரு நாள் காலை. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நாலு சுற்று முடித்துவிட்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்களோடு நடக்க வரும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக முந்தின நாள் கிரிக்கெட்டில் பேச்சை ஆரம்பிப்பவர், அன்று வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மஞ்சள் பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், இது பாங்க்ல இருந்து வந்தது. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

கவர் ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது.

"பிரிக்கலையா?"

"பிரிச்சா ராத்திரி தூக்கம் போயிரும்னு அப்படியே பீரோவுல வச்சிட்டேன்."

"பிரிக்காம தூக்கம் வந்துச்சா?"

"அதுவும் வரலை" என்றார்.

அந்தக் கவரைப் பார்த்ததும் எனக்கு ஒரு பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. நாற்பது வருஷம் மதுரைக் கோர்ட்டுகளில் அடமான வழக்கும் சொத்து வழக்கும் நடத்தியவன் நான். எத்தனையோ கட்டுகள் மறந்துவிட்டன. அந்த டப்பா மட்டும் மறக்கவில்லை. இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. வாத்தியார் புண்ணியத்தில் இங்கே எழுதிவிடுகிறேன்.

1976-ல் வக்கீலாகப் பதிவு செய்தேன். ஆறு வருஷம் ஒரு சீனியரிடம் இருந்துவிட்டு 1982-ல் தனியாக போர்டு மாட்டினேன். போர்டு மாட்டினால் கட்சிக்காரர் வந்துவிடுவாரா? மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் முதல் ஒரு வருஷத்து வேலை. அப்போதுதான் ஒரு பாங்க்கின் பேனலில் என் பெயர் சேர்ந்தது. கட்டாத கடனுக்கு நோட்டீஸ் அனுப்பி, பிராது போட்டு, டிக்ரி வாங்கி, வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்து பணத்தை வசூல் செய்து தருவது வேலை. கட்டுக்கு இவ்வளவு என்று ஃபீஸ். மாதம் பத்துக் கட்டாவது வரும். வீட்டு வாடகைக்கும் குமாஸ்தா சம்பளத்துக்கும் கவலை இல்லாமல் போனது.

அடமான வழக்கு எப்படி நடக்கும் என்று பலருக்குத் தெரியாது. கடன் கட்டாவிட்டால் மறுநாளே வீடு போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எத்தனை வருஷம் ஆனாலும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் தப்பு.

முதலில் வக்கீல் நோட்டீஸ். அதற்குப் பதில் இல்லையென்றால் பிராது. கோர்ட்டிலிருந்து சம்மன் போகும். வழக்கு வாதிக்குச் சாதகமானால் முதல்நிலை டிக்ரி. அதிலேயே வீடு போய்விடாது. பணத்தைக் கட்டக் கெடு கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஆறு மாதம். அதற்குள் கட்டாவிட்டால் இறுதி டிக்ரிக்கு மனு. அதற்குப் பிறகு நிறைவேற்று மனு, ஈ.பி. என்று சொல்வோம். ஏல அறிவிப்பை வீட்டுக் கதவில் ஒட்டித் தெருவில் தமுக்கடிக்க வேண்டும். அப்புறம் ஏலம். எடுத்தவர் அன்றே கால்பங்கு பணம் கட்ட வேண்டும், மீதியைப் பதினைந்து நாளில். இவ்வளவு ஆன பிறகும், கோர்ட் அந்த ஏலத்தை உறுதி செய்யும் நாள் வரைக்கும் கடன்காரருக்கு ஒரு வழி இருக்கிறது. டிக்ரிப் பணத்தையும், ஏலம் எடுத்தவருக்கு ஏலத்தொகையில் நூற்றுக்கு ஐந்தும் சேர்த்துக் கோர்ட்டில் கட்டினால் வீடு அவருக்கே திரும்பும்.

அடமானம் வைத்தவனுக்கு மீட்கிற உரிமை உண்டு என்பதுதான் இந்தச் சட்டத்தின் முதுகெலும்பு. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்திலிருந்து அது இருக்கிறது. 'கெடு தப்பினால் மீட்கும் உரிமை கிடையாது, வீடு எனக்கே' என்று அடமானப் பத்திரத்தில் எழுதி வாங்கினாலும், அந்த வரியைக் கோர்ட் ஒப்புக்கொள்ளாது. அதனால்தான் விவரமான வட்டிக்காரர்கள் அடமானம் எழுதுவதில்லை. கிரயமாகவே எழுதி வாங்கிக்கொண்டு, 'பணத்தைக் கொடுத்தால் திருப்பி எழுதித் தருகிறேன்' என்று வாயால் சொல்வார்கள், இல்லாவிட்டால் தனித்தாளில் எழுதித் தருவார்கள். அந்த நிபந்தனை அதே கிரயப் பத்திரத்திலேயே இல்லாவிட்டால் அதை அடமானம் என்று சட்டம் பார்க்காது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் வீட்டை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இப்போது செல்லூருக்கு வருகிறேன்.

செல்லூரில் அப்போது தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். ஒருவர் வீட்டோடு நாலு தறி போட்டுத் தொழில் செய்தவர். 1979-ல் வீட்டை அடமானமாக எழுதிக் கொடுத்து 15,000 ரூபாய் கடன் வாங்கினார். மூலப் பத்திரத்தையும் பாங்க்கில் கொடுத்தார். 1981-ல் அவர் இறந்துபோனார். ஒரே மகன் பம்பாய்க்கு வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் அந்த அம்மா மட்டும். தவணை நின்றது. கட்டு என்னிடம் வந்தது.

1983-ல் நோட்டீஸ் அனுப்பினேன். 'வாங்க மறுத்துவிட்டார்' என்று தபால்காரர் எழுத, ஒப்புகை அட்டையோடு திரும்பி வந்தது. இன்னொரு முறை அனுப்பினேன். யாரோ வாங்கியிருந்தார்கள், அட்டையில் கைநாட்டு. 1984-ல் பிராது போட்டேன். மகன் பேருக்கு பம்பாய் விலாசத்தில் போன சம்மன், ஆள் வீடு மாறிவிட்டதாகத் திரும்பியது; பேப்பரில் விளம்பரம் கொடுத்து முடித்தோம். அம்மா சம்மனை வாங்கவில்லை, கதவில் ஒட்டினார்கள். வாய்தா அன்று பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. எக்ஸ்பார்ட்டி டிக்ரி. எனக்கு அரைமணி நேர வேலை. அந்த மாதம் எனக்கு அப்படி ஐந்து டிக்ரி.

பதிவுத் தபாலை வாங்காவிட்டால் வழக்கு வராது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. சரியான விலாசத்துக்குப் போன தபாலை வாங்க மறுத்தால், வாங்கியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது. இதுதான் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம்.

1986-ல் ஏலம். டிக்ரிப் பணம் வட்டி, செலவு எல்லாம் சேர்ந்து 27,400 ரூபாய் ஆகியிருந்தது. வீடு 41,000-க்குப் போனது. ஆட்சேபணை எதுவும் இல்லை. ஏலம் உறுதியானது. கட்டை முடித்து பாங்க்குக்கு பில் அனுப்பிவிட்டேன்.

ஏலம் உறுதியாகிப் பத்தொன்பது நாள் கழித்து, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். ஆபீஸ் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி செருகியிருந்தார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா.

"பாங்க் வக்கீலய்யா நீங்கதானே?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வீட்டை ஏலத்துல எடுத்திருக்கேன்னு ஒருத்தர் வந்து அளந்து பாத்துட்டுப் போறாருய்யா. அப்பத்தான் எனக்கு வெவரமே தெரியும். தோட்ட வித்துட்டேன். பரமக்குடியில தம்பி இருக்கான், அவன் பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருந்ததக் குடுத்தான். மகன் கொஞ்சம் அனுப்புனான். முப்பதாயிரம் இருக்கு. கட்டிப்புடுறேன்."

துணிப்பையை மேஜை மேல் வைத்தார்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். 27,400. ஏலத்தொகையில் நூற்றுக்கு ஐந்து 2,050. மொத்தம் 29,450. பத்தொன்பது நாள் முன்னால் இந்தப் பை கோர்ட்டுக்குப் போயிருந்தால் வீடு நின்றிருக்கும்.

"ஏம்மா, இத்தனை தபால் வந்திருக்கே, கதவுல ஒட்டியிருக்காங்களே, யாருகிட்டயாவது காட்டியிருக்கக் கூடாதா?"

அவர் டப்பாவைத் திறந்தார். உள்ளே விபூதிப் பொட்டலம், வீட்டுக்காரர் போட்டோ, ரேஷன் கார்டு. அடியில் கவர்கள். கதவில் ஒட்டியிருந்ததைக்கூடப் பிய்த்து மடித்து வைத்திருந்தார். எல்லாம் இருந்தது. ஒரு கவரும் பிரிக்கப்படவில்லை.

"பிரிச்சா கேஸுல மாட்டிக்கிருவேன்னு பக்கத்து வீட்டுல சொன்னாக. அதான் சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்தேன். பத்திரம் பாங்க்லதானே இருக்கு, பத்திரமாத்தானே இருக்கும்னு நெனச்சேன்யா."

மேலாக இருந்த கவரை வாங்கிப் பிரித்தேன். என் லெட்டர்ஹெட். என் கையெழுத்து. இரண்டு பக்கம் ஆங்கிலம்.

பிரித்திருந்தாலும் அந்த அம்மாவால் படித்திருக்க முடியாது. தெருவில் படிக்கத் தெரிந்த ஒரு பையனிடம் காட்டியிருந்தாலும் அவனுக்கும் புரிந்திருக்காது. அவ்வளவு சுத்தமான சட்ட ஆங்கிலம். சீனியரிடம் கற்றது, அதில் எனக்குப் பெருமை வேறு. கைநாட்டு வைத்த அட்டை என் கட்டில்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் 'நோட்டீஸ் சார்வு ஆகிவிட்டது' என்று பிராதில் எழுதினேன். கைநாட்டு வைக்கிறவருக்கு ஆங்கிலத்தில் எழுதி என்ன பயன் என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை.

நேரமாகிவிட்டது என்பதை எப்படிச் சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அவர் அழவில்லை. பையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "அப்ப இந்தப் பணத்த என்னய்யா செய்ய?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் பாங்க்கின் வக்கீல். அவருக்காக ஆஜராக முடியாது. நண்பர் ஒருவரிடம் அனுப்பினேன். டிக்ரியை ரத்து செய்ய மனுப் போட்டுப் பார்த்தார், தள்ளுபடியானது. அதில் எதிர்த்து வாதாடியதும் நான்தான். அதுதான் என் தொழில். ஏலம் எடுத்தவரைத் தனியாகப் பார்த்து, வாங்கின விலைக்கு மேல் கொஞ்சம் வைத்துத் திருப்பிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். அறுபதாயிரம் என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சட்டப்படி வாங்கின வீடு. கடன் போக மிச்சம் 13,600 ரூபாய் கோர்ட் டெபாசிட்டில் கிடந்தது. அது அந்த அம்மாவின் பணம் என்றே அவருக்குத் தெரியாது. நண்பர் செக் மனு போட்டு வாங்கிக் கொடுத்தார். அவர் பரமக்குடிக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

நான் தப்பு செய்தேனா? சட்டப்படி இல்லை. "நம்ம கட்சிக்காரருக்குத்தான் நாம நாக்கு, எதிர்க்கட்சிக்கு யோசனை சொல்றது நம்ம வேலை இல்லை" என்று சீனியர் சொல்லிக் கொடுத்திருந்தார். அது சரிதான். இன்றைக்கும் ஒரு ஜூனியர் கேட்டால் அதையேதான் சொல்வேன். ஆனால் எதிர்க்கட்சிக்குப் புரிகிற மொழியில் நோட்டீஸ் எழுதுவது யோசனை சொல்வது ஆகாது. அதை அந்த டப்பாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

மறு வாரத்திலிருந்து என் நோட்டீஸ் எல்லாம் தமிழில் போனது. முதல் வரியிலேயே, 'உங்கள் வீட்டின் பேரில் வாங்கிய கடன் பாக்கி இவ்வளவு; இத்தனாம் தேதிக்குள் பாங்க் மேனேஜரைப் பாருங்கள்; பார்க்காவிட்டால் கோர்ட்டில் வழக்கு வரும்' என்று பெரிதாக எழுதச் சொன்னேன். பிராது போடுவதற்கு முன்னால் என் குமாஸ்தா சைக்கிளில் ஒரு முறை நேரில் போய், நோட்டீஸில் என்ன இருக்கிறது என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவார். மேனேஜரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். "ஏன் வக்கீல் சார், உங்க வரும்படிய நீங்களே கெடுத்துக்கிறீங்க?" என்று சிரித்தார். கெடத்தான் செய்தது. எத்தனை பேர் பிராதுக்கு முன்னாலேயே வந்து கட்டினார்கள் என்று நான் கணக்கு வைக்கவில்லை. ஆனால் கட்டுகள் குறைந்தன. பாங்க்குக்கும் வழக்குச் செலவு இல்லாமல் பணம் வந்தது. குமாஸ்தாவை நாய் கடித்தது ஒரு முறை, செருப்பு பறந்தது ஒரு முறை. மற்றபடி மோர் கொடுத்து அனுப்பியவர்கள்தான் அதிகம்.

பிறகு 2002-ல் சர்ஃபாசி சட்டம் வந்தது. அதற்கப்புறம் பாங்க் தன் அடமானச் சொத்தை விற்க கோர்ட்டில் பிராது போட வேண்டிய அவசியமே இல்லை. பதினைந்து வருஷம் இழுத்த வேலை பல மாதங்களில் முடிய ஆரம்பித்தது. பாங்க் பணம் என்பது டெபாசிட் போட்டவர்களின் பணம். நம்மில் பாதிப் பேர் அந்த வட்டியில்தான் மாத்திரை வாங்குகிறோம். வேண்டுமென்றே இழுத்தடித்த பெரிய கைகளை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதில் ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கு உண்டு. அது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் நோட்டீஸ் வந்தால் அறுபது நாள். கடன் வாங்கியவருக்கு மட்டும் இல்லை, ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் அதே நோட்டீஸ்தான், அவர் தன் வீட்டை அடமானம் வைத்திருந்தால் அதற்கும் அதே கதிதான். நோட்டீஸில் தப்பு இருந்தால் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம். பதினைந்து நாளுக்குள் பாங்க் பதில் சொல்ல வேண்டும். அறுபது நாள் முடிந்தும் கட்டாவிட்டால் சொத்தை எடுத்துக்கொண்டதாகக் கதவில் ஒட்டி, இரண்டு பேப்பரில் போடுவார்கள். அதில் ஒன்று நம் மொழிப் பேப்பர். அதிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் பாயாது.

முக்கியமான ஒன்று. பழைய வழக்குகளில் ஏலம் உறுதியாகும் வரை மீட்கலாம் என்று சொன்னேன் இல்லையா? இந்தச் சட்டத்தில் அப்படி இல்லை. 2016-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்னால் முழுப் பாக்கியையும் கட்டினால்தான் மீட்கும் உரிமை. உச்ச நீதிமன்றமும் 2023-ல் அதை உறுதி செய்துவிட்டது. ஏலத்துக்கு முந்தின நாள் பணத்தோடு போய் நின்றால் பலன் இல்லை. செல்லூர் அம்மாவுக்கு இருந்த அவகாசம் இந்தச் சட்டத்தில் கிடையாது.

ரேஸ்கோர்ஸ் பெஞ்சுக்குத் திரும்புகிறேன்.

"கொடுங்க சார், நான் பிரிக்கிறேன்" என்றேன். வாத்தியார் கொடுத்தார். கை லேசாக நடுங்கியது. நாற்பது வருஷம் எத்தனை பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பரைப் பிரித்த கை!

மருமகன் கடைக்கு வாங்கிய கடன். வாத்தியார் ஜாமீன், வீட்டுப் பத்திரமும் அவருடையது. நோட்டீஸ் வந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. இருபத்திரண்டு நாள் மிச்சம். தொகையைப் படித்துச் சொன்னேன். அவர் மனதில் நினைத்திருந்ததைவிடக் குறைவாக இருந்தது. பிரிக்காத கவருக்குள் இருக்கிற தொகை ராத்திரியில் வளர்ந்துகொண்டே போகும் போலிருக்கிறது.

"பொண்ணுகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லலை. மாப்பிள்ளைக்கு அசிங்கமாயிரும்."

"வீட்டுக் கதவுல ஒட்டினா அசிங்கம் இல்லையா சார்?"

அன்று மத்தியானமே மகளையும் மருமகனையும் உட்கார வைத்துப் பேசினார்கள். நாலாவது நாள் எல்லோரும் சேர்ந்து பாங்க்குக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன், வக்கீலாக இல்லை, பெஞ்ச் நண்பராக. திருமங்கலம் பக்கம் வாத்தியாருக்கு ஒரு காலி மனை இருக்கிறது. அதை நாமே ஆள் பார்த்து நம் விலைக்கு விற்றுக் கட்டிவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்து, கைவசம் இருந்ததை அன்றே கட்டினார்கள். மேனேஜர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மனைக்கு இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னும் முடியவில்லை. முடிந்துவிடும் என்று நான் எழுத மாட்டேன். வக்கீல் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் ஏலத்தில் போகிற விலைக்கும் நாமே விற்கிற விலைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தை வாங்கித் தருவது இந்த இருபத்திரண்டு நாள்தான்.

வாத்தியார் மறுபடியும் கிரிக்கெட் பேச ஆரம்பித்துவிட்டார். ராத்திரி தூக்கம் கொஞ்சம் வருகிறதாம்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் என் வயசுக்காரர்கள். பிள்ளைக்கோ மாப்பிள்ளைக்கோ கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். போட்டதைத் தப்பு என்று சொல்லவில்லை. பெற்றவர்கள் போடாமல் யார் போடுவார்கள்? உங்கள் வீட்டு பீரோவிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ பிரிக்காத கவர் இருந்தால், இதைப் படித்து முடித்தவுடன் எடுத்துப் பிரித்துவிடுங்கள். மேலே இருக்கும் தேதியைப் பாருங்கள். புரியாவிட்டால் புரிகிறவரிடம் காட்டுங்கள். என்னிடம் கொண்டு வந்தாலும் சரி. காலை ஆறு மணிக்கு ரேஸ்கோர்ஸில் இருப்பேன், மேற்குப் பக்கத்துப் பெஞ்ச். ஃபீஸ் கிடையாது, டீ மட்டும் நீங்கள் வாங்கித் தர வேண்டும்.